அமெரிக்காவில் ஏழைக்கு மருத்துவ இன்சூரன்ஸ் உண்டா, இல்லையா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான்: அமெரிக்காவில் ஏழைகளுக்கு அரசே மெடிக்கெய்ட் என்ற மருத்துவ இன்சூரன்ஸ் கொடுக்கிறது என்கிறார்கள், ஆனால் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வாரியாக இன்சூரன்ஸ் இல்லாதவர்களைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்தால் டெக்சஸில் பல இடங்களில் குறைந்த வருமானக்காரர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் எதுவுமே இல்லாமல் இருக்கிறார்கள், எல்லையைத் தாண்டினால் அது சட்டென்று இறங்கிவிடுகிறது, ஏழ்மை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே, வரைபடம் தப்பா இல்லை நான் புரிந்துகொண்டது தப்பா? இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரே ஏழ்மைக்கு ஏன் இரண்டு விதமான கதி என்பது ஒன்று. அந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது இன்னொன்று. நான் பொது சுகாதாரம் படித்தவன், டெக்சஸில் பல வருடங்களாக மக்களுக்கு இன்சூரன்ஸ் விண்ணப்பம் போட உதவும் வேலையிலும் இந்த மாதிரிக் கவுண்டிக் கணக்குகளைப் பார்க்கும் வேலையிலும் இருக்கிறேன். டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை, அதனால் விசா, குடியுரிமை சம்பந்தமான தனிப்பட்ட சிக்கல் யாருக்காவது இருந்தால் இந்தப் பதிலை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கெய்ட் 1965-இல் வந்தது, மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடுகின்றன, ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதில் மாநிலத்தின் கை ஓங்கியிருக்கிறது. ஏழை என்பதற்காக மட்டும் அது யாருக்கும் கிடைத்துவிடவில்லை. குழந்தை, கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி, வயதானவர், ரொம்பவும் வருமானம் குறைந்த பெற்றோர் என்று ஏதாவது ஒரு வகைக்குள் வர வேண்டும். முப்பது வயதில், பிள்ளைகுட்டி இல்லாமல், உடம்பில் அரசு ஒத்துக்கொள்கிற மாதிரி ஊனம் எதுவும் இல்லாமல், வருமானம் பூஜ்யமாக இருந்தாலும் பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது என்பதுதான் பழைய நிலை. 2010-இல் ஒபாமா காலத்தில் வந்த சட்டம் இதை மாற்றப் பார்த்தது. வகையெல்லாம் வேண்டாம், வறுமைக் கோட்டின் 138 சதவிகிதம் வரை வருமானம் உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் கொடு என்றது, இதைத்தான் மெடிக்கெய்ட் விரிவாக்கம் என்கிறார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம், மாநிலங்களை இதற்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது. 2014-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது சில மாநிலங்கள் சேர்ந்தன, சில சேரவில்லை, அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்து இன்று 40 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் உள்ளே இருக்கின்றன. டெக்சஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா, டென்னசி, கான்சஸ், வயோமிங், விஸ்கான்சின் ஆகிய பத்தும் இன்னும் வெளியே. இதில் விஸ்கான்சினைத் தனியாக வைக்க வேண்டும், அது விரிவாக்கத்தில் சேராமலே வறுமைக் கோடு வரை எல்லாப் பெரியவர்களுக்கும் கொடுக்கிறது. ஜார்ஜியா 2023-இல் இருந்து வேலை நிபந்தனையோடு ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருக்கிறது, அதில் நுழைந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு.

இனி, நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சங்கடப்படுகிற இடத்துக்கு வருகிறேன். 2010 சட்டத்தை எழுதியவர்கள் எல்லா மாநிலங்களும் விரிவாக்கத்தில் சேர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு எழுதினார்கள். அதனால் தனியார் இன்சூரன்ஸ் வாங்க அரசு தரும் மானியத்தை வறுமைக் கோட்டின் 100 சதவிகிதத்தில் இருந்துதான் ஆரம்பித்தார்கள். அதற்குக் கீழே இருப்பவர்களை மெடிக்கெய்ட் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. மாநிலம் சேராவிட்டால் என்ன ஆகும்? கீழே இருப்பவருக்கு மெடிக்கெய்டும் இல்லை, மானியமும் இல்லை. அவரைவிடக் கொஞ்சம் அதிகம் சம்பாதிப்பவருக்கு மானியம் உண்டு. நாடு முழுக்கச் சுமார் 14 லட்சம் பேர் இந்தப் பள்ளத்தில் இருப்பதாக மதிப்பீடு, அதில் பெரிய பங்கு டெக்சஸ்காரர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டெக்சஸில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-இல் இருந்து மாறவில்லை. வாரம் 40 மணி நேரம், வருடம் 52 வாரம், ஒரு நாள் கூட லீவு போடாமல் உழைத்தால் 15,080 டாலர். தனி நபருக்கான வறுமைக் கோடு 2024-இல் 15,060 டாலர், 2025-இல் 15,650. மானியத்துக்கு முந்தைய வருடத்தின் கோட்டைத்தான் பார்ப்பார்கள். ஆக 2025-ஆம் வருட இன்சூரன்ஸுக்கு இந்த ஆள் இருபது டாலர் வித்தியாசத்தில் தப்பித்தார், 2026-க்கு அதே வேலை, அதே கூலி, ஆனால் கோடு மேலே போய்விட்டதால் ஒன்றும் கிடையாது. முழு நேர வேலைக்கே இந்தக் கதி. ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவருக்கும் வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் வாரம் 30 மணி நேரத்துக்கு மேல் வேலை கிடைப்பதே கஷ்டம், 30 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 11,310 டாலர், எங்கேயோ கீழே. "வருமானம் கம்மியாக இருப்பதால் உங்களுக்கு உதவி இல்லை" என்று ஒருவரிடம் சொன்னால் அவர் முதலில் நான் தப்பாகச் சொல்கிறேன் என்று நினைப்பார், அப்புறம் "இன்னும் ரெண்டு ஷிஃப்ட் சேர்த்து எடுத்தால் கிடைக்குமா?" என்று கேட்பார். நிஜமாகவே எடுக்க முடிந்தால் கிடைக்கும், அதுதான் வேடிக்கை. விண்ணப்பத்தில் அடுத்த வருட வருமானத்தை மதிப்பிட்டுத்தான் எழுத வேண்டும், ஆனால் இல்லாத வருமானத்தை எழுதச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

நீங்கள் எல்லையைத் தாண்டினால் எண் சட்டென்று இறங்குகிறது என்று எழுதினீர்களே, அதற்கு டெக்சர்கானாவைவிட நல்ல உதாரணம் இருக்க முடியாது. ஊரின் நடுவே ஸ்டேட் லைன் அவென்யூ என்று ஒரு சாலை, மேற்கே டெக்சஸ், கிழக்கே ஆர்கன்சா. தபால் நிலையமும் நீதிமன்றமும் சேர்ந்த மத்திய அரசுக் கட்டடம் ஒன்று இரண்டு மாநிலத்திலும் கால் வைத்து நிற்கிறது, ஆட்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆர்கன்சா 2014-லேயே விரிவாக்கத்தில் சேர்ந்துவிட்டது, அதன் குறைந்தபட்சக் கூலியும் மணிக்கு 11 டாலர். சாலைக்குக் கிழக்கே வாடகைக்கு இருக்கும் 11,000 டாலர் வருமானக்காரருக்கு அரசு இன்சூரன்ஸ் உண்டு. மேற்கே இருப்பவருக்கு இல்லை. ஊரின் பெரிய ஆஸ்பத்திரிகள் டெக்சஸ் பக்கம்தான் இருக்கின்றன, ஆக கார்டு வைத்திருப்பவர் சாலையைத் தாண்டி வந்து வைத்தியம் பார்த்துக்கொள்கிறார், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவருக்குக் கார்டு கிடையாது. உங்கள் வரைபடத்தில் இது டெக்சஸ் பக்கம் போவி (Bowie) கவுண்டி, ஆர்கன்சா பக்கம் மில்லர் கவுண்டி என்று இரண்டு வேறு நிறங்களாகத் தெரியும். ஏழ்மையில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது, சட்டம்தான் வேறு.

ஒரே வீட்டுக்குள்ளும் இப்படித்தான். டெக்சஸில் அம்மா, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பம், மாத வருமானம் 400 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருவருக்கும் மெடிக்கெய்ட் உண்டு. அம்மாவுக்கு இல்லை, ஏனென்றால் பெற்றோருக்கான வரம்பு அதற்கும் கீழே. அவர் கர்ப்பமானால் உடனே உண்டு, பிரசவம் முடிந்து ஒரு வருடம் வரை நீடிக்கும் (முன்பு இரண்டே மாதம்தான், 2023-இல் சட்டம் மாற்றி 2024 மார்ச்சில் இருந்து பன்னிரண்டு மாதம் ஆக்கினார்கள்), அதற்குப் பிறகு மறுபடி இல்லை. பிள்ளைகளுக்கு உண்டு என்றேன், ஆனால் உரிமை இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றில்லை. நாட்டிலேயே இன்சூரன்ஸ் இல்லாத குழந்தைகளின் விகிதத்தில் டெக்சஸ்தான் முன்னணி, அதில் கணிசமான பங்கு தகுதி இருந்தும் பதிவாகாத பிள்ளைகள். கொரோனா காலத்தில் யாரையும் மெடிக்கெய்டிலிருந்து நீக்கக் கூடாது என்று இருந்த விதி 2023 ஏப்ரலில் முடிந்ததும் எல்லா மாநிலங்களும் பட்டியலைச் சலிக்க ஆரம்பித்தன, நாடு முழுக்க 2.5 கோடிக்கும் மேற்பட்ட பேர் நீக்கப்பட்டார்கள், அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தகுதி இல்லை என்று தெரிந்து நீக்கப்பட்டவர்கள் அல்ல. கடிதம் பழைய முகவரிக்குப் போனது, படிவம் திரும்பி வரவில்லை, சம்பளச் சீட்டு இணைக்கவில்லை என்ற மாதிரிக் காரணங்கள். அடிக்கடி வீடு மாறுபவர் யார்? வாடகை கொடுக்க முடியாதவர்தானே. இந்த மாதிரிப் பேப்பர் வேலையில் தவறுவது ஏழைகள்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆராய்ச்சியும் சொல்லத் தேவையில்லை.

சரி, மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் புரிகிறது, ஒரே மாநிலத்துக்குள் ஏன் கவுண்டிக்குக் கவுண்டி மாறுகிறது? இங்கே காரணங்கள் பல, எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது சுலபமில்லை. முதல் காரணம் வேலை. இந்த நாட்டில் வேலை செய்யும் வயதுக்காரர்களுக்கு இன்சூரன்ஸ் பெரும்பாலும் முதலாளி வழியாகத்தான் வருகிறது. பல்கலைக்கழகமோ ராணுவத் தளமோ பெரிய தொழிற்சாலையோ இருக்கிற கவுண்டியில் குறைந்த சம்பளக்காரருக்குக்கூட அது கிடைக்க வாய்ப்பு அதிகம். பண்ணை, கட்டட வேலை, சின்னக் கடை, ஆளுக்கு ஆள் ஒப்பந்தம் என்று ஓடும் கவுண்டியில் கிடையாது. இரண்டாவது குடியேறியவர்கள். ஆவணம் இல்லாதவர்களுக்கு மெடிக்கெய்ட் அனேகமாக எங்கும் இல்லை, கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கும் 1996 சட்டப்படி முதல் ஐந்து வருடம் பெரும்பாலும் இல்லை. நம் ஆட்கள் கிரீன் கார்டில் அழைத்து வரும் அப்பா அம்மாக்களும் இதில் அடக்கம். அப்புறம், உரிமை உள்ள பிள்ளைக்கே விண்ணப்பம் போடப் பயப்படும் குடும்பங்கள் உண்டு. பிள்ளை இங்கே பிறந்த குடிமகன், பெற்றோரில் ஒருவருக்கு ஆவணம் இல்லை என்றால் முகவரியை அரசிடம் கொடுக்க யோசிக்கிறார்கள், அரசியல் சூடாகும்போதெல்லாம் அந்தப் பயம் கூடுவதை என் மேஜையிலேயே பார்க்கிறேன். அது எத்தனை சதவிகிதம் என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

மூன்றாவது விஷயம் வரைபடத்தில் தெரியவே தெரியாது. டெக்சஸில் 254 கவுண்டிகள். 1985-இல் வந்த ஒரு மாநிலச் சட்டப்படி, வேறு வழியே இல்லாத ஏழைகளின் வைத்தியத்துக்குக் கவுண்டி பொறுப்பு. ஆனால் அந்தப் பொறுப்பின் குறைந்தபட்ச அளவு வறுமைக் கோட்டின் 21 சதவிகிதம், அதாவது 2025 கோட்டின்படி தனி ஆளுக்கு மாதம் 275 டாலருக்குச் சற்றுக் கீழே. அதற்கு மேல் சம்பாதித்தால் பல கிராமப்புறக் கவுண்டிகளில் கைவிரித்துவிடுவார்கள். மாறாக ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ், டல்லஸ், ஃபோர்ட் வொர்த் இருக்கும் டாரண்ட், சான் அன்டோனியோ இருக்கும் பெக்சார் மாதிரிக் கவுண்டிகள் சொத்து வரி போட்டுச் சொந்தமாக ஆஸ்பத்திரி மாவட்டம் நடத்துகின்றன, நம் ஊர் ஜி.எச். மாதிரி பெரிய பொது ஆஸ்பத்திரி, வருமானத்துக்கு ஏற்ற சலுகை அட்டை, தொடர் சிகிச்சை, மருந்து எல்லாம் உண்டு. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் உள்ள ஹிடால்கோ கவுண்டி நாட்டிலேயே இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் மிக அதிகமாக இருக்கும் பெரிய கவுண்டிகளில் ஒன்று, அங்கே இப்படி ஒரு மாவட்டம் அமைக்க 2014-இலும் 2016-இலும் வாக்கெடுப்பு வைத்தார்கள், இரண்டு முறையும் தோற்றது. வரி கூடும் என்ற பயம். கணக்கெடுப்பைப் பொறுத்தவரை ஹாரிஸ் கவுண்டியின் சலுகை அட்டை இன்சூரன்ஸ் இல்லை, அதனால் அந்த அட்டை வைத்திருப்பவரும் ஹிடால்கோவில் ஒன்றுமே இல்லாதவரும் வரைபடத்தில் ஒரே நிறம். வியாதி வந்தால் இருவர் நிலைமையும் ஒன்றல்ல.

இதையொட்டியே உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த வரைபடம் அனேகமாக அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை வருடாவருடம் வெளியிடும் சிறுபகுதி மருத்துவக் காப்பீட்டு மதிப்பீடு. எல்லாக் கவுண்டிகளுக்கும், வருமான வாரியாக, ஒற்றை வருட எண் கொடுப்பது அதுதான், 138 சதவிகிதத்துக்குக் கீழே என்ற பிரிவும் அதில் உண்டு. ஆனால் அது வீடு வீடாகப் போய் எண்ணியது அல்ல. வருடாந்தர மாதிரிக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு, வருமான வரி விவரம், மெடிக்கெய்ட் பட்டியல், உணவு மானியப் பட்டியல், மக்கள்தொகை மதிப்பீடு இவற்றையெல்லாம் ஒரு புள்ளியியல் சூத்திரத்துக்குள் போட்டு எடுக்கும் மதிப்பீடு. நேரடியான ஒற்றை வருடக் கணக்கெடுப்பு எண்ணை 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான் வெளியிடுகிறார்கள், அதற்குக் கீழே மாதிரி போதாது. டெக்சஸின் லவிங் கவுண்டியில் 2020 கணக்குப்படி 64 பேர்தான் இருக்கிறார்கள், அங்கே குறைந்த வருமானக்காரர்களில் இத்தனை சதவிகிதம் என்று ஒரு எண்ணைப் பார்த்தால் அதற்குப் பக்கத்தில் போட்டிருக்கும் பிழை வரம்பையும் சேர்த்துப் பாருங்கள், எண்ணைவிட அதுதான் அதிகம் பேசும். ஆகவே ஹாரிஸ், ஹிடால்கோ, எல் பாசோ மாதிரிப் பெரிய கவுண்டிகளின் எண்ணை நம்பலாம். மாநில எல்லையில் தெரியும் இறக்கத்தையும் நம்பலாம், அது வருடாவருடம் அதே இடத்தில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சின்னக் கவுண்டிகளுக்குள் 3, 4 சதவிகித வித்தியாசத்தை வைத்துக் கதை கட்டக் கூடாது, பத்திரிகைகள் போடும் "மிக மோசமான பத்துக் கவுண்டிகள்" பட்டியலை நான் படிப்பதே இல்லை. இன்னொன்று, பழங்குடியினருக்கான அரசு மருத்துவ சேவை மட்டும் இருப்பவர்களை இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் என்றுதான் கணக்கெடுப்பு சேர்க்கிறது. தெற்கு டகோட்டாவில் பழங்குடி நிலங்கள் உள்ள கவுண்டிகள் அடர் நிறத்தில் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்விக்குக் கீழே ஒருவர், "இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் என்ன, எமர்ஜென்சிக்குப் போனால் பார்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே" என்று எழுதியிருந்தார். இருக்கிறது, 1986 சட்டம். உயிருக்கு ஆபத்தான நிலையைச் சரிசெய்து நிலைப்படுத்தும் வரைதான் அது கட்டாயப்படுத்துகிறது, பில் கண்டிப்பாக வரும். மாரடைப்பைக் கவனிப்பார்கள், அதற்கு முந்தைய பத்து வருட ரத்த அழுத்தத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் மாதாமாதம் வேண்டும், அதற்கு எமர்ஜென்சி இல்லை. மத்திய அரசின் உதவியோடு ஓடும் சமூக மருத்துவ மையங்கள்தான் உண்மையில் ஏழைகளைத் தாங்குகின்றன, வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம், யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் அங்கே புற்றுநோய் ஆப்பரேஷன் செய்ய மாட்டார்கள், சிறப்பு மருத்துவரிடம் அனுப்பும்போதுதான் சிக்கல் தொடங்கும். பலருக்குத் தெரியாத ஒன்று: லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரிகள் எல்லாம் எழுத்து வடிவில் ஒரு நிதி உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும், வீட்டுக்கு வந்த முதல் பில்லில் இருந்து 240 நாள் வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது பில்லோடு முழித்துக்கொண்டிருந்தால் கிரெடிட் கார்டைத் தேய்ப்பதற்கு முன்னால் இந்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், கேட்காமல் கொடுக்கிற ஆஸ்பத்திரி அபூர்வம்.

இன்சூரன்ஸ் கொடுத்தால் உடம்பு தேறுகிறதா என்பது கொஞ்சம் சங்கடமான கேள்வி, அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2008-இல் ஓரிகான் மாநிலத்தில் மெடிக்கெய்டில் இடம் குறைவு என்பதால் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு அது பெரிய வாய்ப்பாகிவிட்டது, கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் நேராக ஒப்பிட முடிந்தது. இரண்டு வருடத்தில் மனச்சோர்வு குறைந்தது, மருத்துவக் கடன் வெகுவாகக் குறைந்தது, ஆனால் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை அளவு இவற்றில் உறுதியாகச் சொல்லும்படி மாற்றம் தெரியவில்லை. எமர்ஜென்சிக்குப் போவதும் குறையவில்லை, கூடியது. அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகள், நடுவயதுக்காரர்களிடையே இறப்பு குறைவதைக் காட்டுகின்றன. எனக்கு அவை நம்பும்படி இருக்கின்றன, இரண்டு வருடம் என்பது ரத்த அழுத்தத்துக்கே குறைவு என்பது என் கருத்து, ஆனால் இந்தத் துறையில் நேர்மையான ஆட்கள் இன்னும் இதைப் பற்றி வாதிடுகிறார்கள். பணம் சம்பந்தப்பட்ட பலனைப் பற்றி மட்டும் யாரும் வாதிடுவதில்லை.

கடைசியாக, நீங்கள் பார்த்த வரைபடம் சீக்கிரம் பழசாகிவிடும். 2021-இல் இருந்து கொடுத்துவந்த கூடுதல் மானியம் 2025 இறுதி வரைக்கும்தான் சட்டத்தில் இருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், விரிவாக்கத்தால் மெடிக்கெய்ட் பெற்ற பெரியவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ செய்வதாகக் காட்ட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது, பெரும்பாலான மாநிலங்களில் இது 2027 ஜனவரியில் தொடங்கும். அந்தச் சட்டத்தால் 2034-க்குள் சுமார் ஒரு கோடிப் பேர் கூடுதலாக இன்சூரன்ஸ் இழப்பார்கள் என்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலக மதிப்பீடு. ஆர்கன்சா இதே நிபந்தனையை 2018-இல் ஒருமுறை முயன்று, சில மாதங்களில் 18,000 பேர் வெளியே போனபின், 2019 மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்தியது. இந்த முறை டெக்சஸில் இதனால் பெரிதாக எதுவும் மாறாது, விரிவாக்கமே இல்லாத இடத்தில் நிபந்தனை போட ஆள் ஏது. மாறப்போவது மில்லர் கவுண்டி மாதிரி இடங்களின் நிறம்தான், அதுவும் கணக்கெடுப்பு எண்கள் ஒன்றரை, இரண்டு வருடம் கழித்தே வரும் என்பதால் 2029 வாக்கில் அந்த வரைபடத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள்.